லஜ்ஜூன்: பெயரில் எஞ்சிய கோட்டை

ஜோர்தான் செல்லும் நம்மவர் பலர், கரக் நகருக்குத் தெற்கே மஜாரில் அடங்கியுள்ள மூஅத்தா ஷுஹதாக்களை ஸியாரத் செய்து திரும்புகின்றனர். கரக்கிற்கு வடகிழக்கே, பாலையின் விளிம்பில் கிடக்கும் லஜ்ஜூனை நாடுவோர் அரியர். நாம் அதனையும் கண்டோம். சரிந்த மதில்களும், அடித்தளம் மட்டும் தெரியும் படைவீடுகளுமே எஞ்சியுள்ளன.

கி.பி. 300 அளவில் நான்காம் மார்ஷியா படையணிக்காக ரோமர் எழுப்பிய கோட்டை இது; பரப்பு ஏறத்தாழ 11 ஏக்கர். படையணியைக் குறிக்கும் 'லெகியோ' என்னும் இலத்தீன் சொல்லே அரபு நாவில் லஜ்ஜூன் ஆயிற்று.

363ஆம் ஆண்டின் நிலநடுக்கம் கோட்டையைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். பின்னர் எல்லைக் காவலரின் ஊதியத்தைப் பேரரசர் ஜஸ்டினியன் நிறுத்தினார் என்கிறார் அவர் காலத்து வரலாற்றாசிரியர் புரொகோப்பியஸ். 551ஆம் ஆண்டின் நிலநடுக்கத்துக்குப் பின் மதில்களைச் செப்பனிட எவரும் வரவில்லை.

ஹிஜ்ரி 8இல் (கி.பி. 629) ஸைத், ஜஃபர், அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) ஆகியோர் மூஅத்தாவில் உயிர்நீத்தபோது, இக்கோட்டை கைவிடப்பட்டு முக்கால் நூற்றாண்டு கடந்திருந்தது. ஆகவே, லஜ்ஜூனை வீழ்த்தியது அரபு வாளன்று. பூமியின் அதிர்வும் ஆண்டோரின் புறக்கணிப்புமே.

பிற்காலத்தில் உதுமானியர் தம் படைவீட்டுக்கு இதன் கற்களையே எடுத்தனர். 1980 முதல் 1989 வரை இம்மண்ணை அகழ்ந்து உண்மையை வெளிக்கொணர்ந்தோர் அமெரிக்க ஆய்வாளர்கள். மூஅத்தாவின் வரலாறு நம்முடையதெனில், அதன் பின்புலமான இக்கற்களும் நம் கவனத்திற்குரியவையே. முன்னோரின் முடிவை நோக்கிப் படிப்பினை பெறுமாறு பணிக்கப்பட்ட சமுதாயம் இவற்றைக் காணாது கடத்தல் தகுமோ?