நமக்கு என்னிக்குடா வேலை இல்லாம இருந்துச்சு?

பத்தாவது பாஸ் பண்ணி எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்து ஏழு வருஷம் கழித்து முதல் இன்டர்வியூ கார்டு வந்தது. துப்புரவு வேலை. "எழுத்தர் வேலைக்குத்தானே சார் பதிஞ்சேன்" என்றேன். "உங்க ஆளுங்களுக்கு இதுதாம்பா சீக்கிரம் கிடைக்கும்" என்றார் அங்கிருந்தவர். வீட்டில் ஆயா கேட்டது: "நமக்கு என்னிக்குடா வேலை இல்லாம இருந்துச்சு?"

உண்மைதான். படியாளாக இருந்த தாத்தாவுக்கு விடியறதுக்கு முந்தியே வேலை இருந்தது. நேரக் கணக்கு, கூலிக் கணக்கு, முடியாது என்று சொல்லும் உரிமை, இந்த மூணும்தான் இல்லை.

1942 ஜூலை முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர் டாக்டர் அம்பேத்கர். 'பதினாலு மணி நேர வேலையை எட்டாக்கினார்' என்று மேடையில் ஒரே வரியில் முடிக்கிறோம். நானும் முழங்கியவன்தான். நடந்ததைச் சரியாகச் சொல்வோம். 1934 தொழிற்சாலைச் சட்டப்படி ஆண்டு முழுக்க ஓடும் ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரம். அதை 48 ஆக்கும் மசோதாவை 1946இல் அவர் கொண்டுவந்தார். அந்த ஆண்டே சட்டமானது. ஆறு மணி நேரம்தானே என்று தோணும். நாளெல்லாம் நின்ற காலைக் கேட்டால் தெரியும்.

1943 டிசம்பரில் தன்பாத் போய் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். 1944 ஜனவரியில் சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கு அவசரச் சட்டம் வந்தது. போரைக் காரணம் காட்டி 1943இல் பெண்களைச் சுரங்கத்துக்கு அடியில் இறக்க அரசு அனுமதித்ததும் நடந்தது. சட்டசபையில் அதற்காகப் பேச வேண்டியிருந்தவரும் அவரே. ஆணுக்குள்ள கூலியே பெண்ணுக்கும் உண்டு என்று சொன்னார். 1946இல் தடை திரும்ப வந்தது. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

போரிலிருந்து திரும்பும் சிப்பாய்களுக்கு வேலை தேடித்தர, வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்கான தனி அமைப்பு 1945இல் அவர் துறையின் கீழ் உருவானது. எனக்குத் துப்புரவு கார்டு அனுப்பிய அலுவலகத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்பதைப் பிற்பாடுதான் படித்தேன்.

அந்த 48 மணி நேரம் ஆலை வாசலோடு நின்றுவிட்டது. வயலில் கிடந்த தாத்தாவை எட்டல. 1947இல் எழுதிய 'மாகாணங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில், குத்தகைச் சட்டங்களால் நிலமற்ற தீண்டத்தகாத மக்களுக்குப் பயனில்லை என்றார் அம்பேத்கர். நிலத்தை அரசுடைமையாக்கிச் சாதி பாராமல் கூட்டுப் பண்ணையாக விடக் கேட்டார். அரசியல் சட்டத்தில் அது ஏறவில்லை.

1999இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தலைமை இயக்குநர் ஹுவான் சோமாவியா 'கண்ணியமான வேலை' என்பதை இலக்காக வைத்தார். எத்தனை வேலை என்பதோடு எப்படிப்பட்ட வேலை என்றும் கேட்கச் சொன்னது அது. சேரியில் ஆயா எப்பவோ கேட்டதுதான்.

அந்த வேலைக்கு நான் போகல. என்னோடு கார்டு வந்த பக்கத்து வீட்டு அண்ணன் போனார். மூணு பிள்ளைங்க. முடியாதுன்னு சொல்ல எனக்குப் பின்னால ஆயாவோட கூலி இருந்துச்சு. அவருக்குப் பின்னால ஒண்ணுமில்ல.