சிங்களதீபமும் சிவனொளிபாத மலையும்

இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, அற்றன் நகரிலிருந்து டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா வழியாகத் தேயிலைத் தோட்டங்களை ஊடறுத்துச் செல்லும் பாதை நல்லதண்ணியில் முடிவடைகின்றது. அங்கிருந்து ஏறத்தாழ ஐயாயிரத்து ஐந்நூறு படிகளைக் கடந்தால் 7,359 அடி உயரமுள்ள சிவனொளிபாத மலையின் உச்சியை அடையலாம். மார்கழிப் பூரணை தொடங்கி வைகாசிப் பூரணை வரை இப்படிகளில் ஏறும் அடியார் கூட்டத்திற்குக் குறைவில்லை. உச்சியிலுள்ள பாதச்சுவட்டினைச் சைவர் சிவபிரானுடையதென்பர், பௌத்தர் புத்தபிரானுடையதென்பர், முஸ்லிம்கள் ஆதிபிதா ஆதாமினுடையதென்பர். இம்மூவரோடு நான்காமவராகச் சீக்கியரும் இம்மலையோடு உறவு பாராட்டுகின்றனர் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தியாகும். குருநானக் இலங்கைக்கு வந்தார், சிவநாபன் என்னும் அரசனுக்கு உபதேசம் செய்தார், சிவனொளிபாதத்தையும் தரிசித்தார் என்று சீக்கிய நூல்கள் சிலவற்றிலே எழுதப்பட்டுள்ளது. இக்கூற்றில் வரலாறு எவ்வளவு, ஐதிகம் எவ்வளவு என்பது ஆராயற்பாலது.

குருநானக் 1469 ஆம் ஆண்டு பஞ்சாபிலுள்ள தல்வண்டி என்னும் ஊரிற் பிறந்தவர். 1539 இல் கர்த்தார்பூரிலே மறைந்தவர். இடைப்பட்ட காலத்திற் பல ஆண்டுகளை நெடும் யாத்திரைகளிலே கழித்தார். இந்த யாத்திரைகளைச் சீக்கியர் உதாசி என வழங்குவர். அவற்றை விரிவாகக் கூறும் நூல்கள் ஜனம்சாகிகள் எனப்படும். இவை நம் நாட்டுப் புராண சரித்திரங்களை ஒத்தவை. குரு மறைந்து பல்லாண்டுகள் சென்றபின், பெரும்பாலும் பதினேழாம் நூற்றாண்டிலும் அதன் பின்னும், அடியார் வாய்மொழியிலிருந்து எழுத்துருப் பெற்றவை. அவற்றுள் பழையதென மதிக்கப்படும் புராதன் ஜனம்சாகி, தென்றிசை யாத்திரையிற் குருவுடன் சைதோ, கெஹோ என்னும் இருவர் சென்றனர் என்றும், சிங்களதீபத்து அரசனாகிய சிவநாபனின் பட்டுப்போன பூங்காவிற் குரு அமர்ந்தவுடன் அது தளிர்த்தது என்றும் கூறும். அரசன் அவரைச் சோதிக்க அழகிய மகளிரை அனுப்புகின்றான், குரு சலியாதிருக்கின்றார். நீர் யோகியோ, பிராமணரோ, இந்துவோ, முஸ்லிமோ என்று வினவுகின்றான். குரு பாடல்களால் விடையிறுக்கின்றார். இறுதியில் அரசன் அடி பணிகின்றான். அங்கே பிராணசங்கலி என்னும் நூலைக் குரு அருளிச்செய்தார் என்பதும் அம்மரபே.

இக்கதையைக் கேட்கும் சைவ மாணவனுக்கு மணிவாசகர் வரலாற்றில் வரும் ஈழத்து அரசனும், ஊமைப் பெண்ணும், தில்லையில் நிகழ்ந்த வாதமும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஈழத்து மன்னன் ஒருவனை ஞானி ஒருவர் ஆட்கொண்டார் என்று கூறும் ஆவல் சீக்கியருக்கு மட்டும் உரியதன்று.

சீக்கிய மரபுக்குள்ளேயே இச்செய்தி பற்றிய ஐயம் மிகப் பழையது. ஐந்தாம் குருவாகிய அர்ஜுன் தேவர் 1604 இல் ஆதிகிரந்தத்தைத் தொகுத்து முடித்தார். அத்தொகுப்பு நடந்த காலத்தில் இலங்கையில் இருந்ததாகக் கருதப்பட்ட பிராணசங்கலியைக் கொண்டுவருமாறு பாய் பைடா என்பவர் அனுப்பப்பட்டார் என்று மரபு கூறும். அவர் கொணர்ந்த நூலை ஆராய்ந்த குரு அது மெய்ந்நூல் அன்றெனத் தள்ளினாராம். ஆதிகிரந்தத்தில் அது இடம்பெறவில்லை என்பது கண்கூடு. ஐந்தாம் குருவின் காலத்தவரும் ஆதிகிரந்தத்தைத் தம் கையால் எழுதியவருமாகிய பாய் குர்தாஸ், தம் முதலாம் வாரில் குருநானக்கின் யாத்திரைகளை வருணிக்கின்றார். சுமேரு மலை உண்டு, மக்கா உண்டு, பக்தாத் உண்டு, இலங்கை இல்லை. கடல் கடந்து ஓர் அரசனையே ஆட்கொண்டது உண்மையாயின், குருவின் புகழ் பாடப் புகுந்த புலவர் அதனை விட்டுவிடுவாரா? சொல்லாமையை மட்டும் சான்றாகக் கொள்ளுதல் வழுவுடைத்தாயினும், இவ்விடத்துச் சொல்லாமை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

1968 இல் வெளிவந்த தம் ஆராய்ச்சி நூலில் மக்லியோட் என்னும் அறிஞர் இலங்கைப் பயணக் கதையை வரலாறாகக் கொள்ள முடியாதென வாதித்தார். அதற்கடுத்த ஆண்டு குரு பிறந்த ஐந்நூறாவது ஆண்டு நிறைவாதலின், மறுப்புக்களும் எழுந்தன. சிவநாபனின் தலைநகரை மட்டக்களப்புப் பகுதியிலே தேடியவர் உளர். அனுராதபுரத்து அரும்பொருட்சாலையிலுள்ள கல்வெட்டொன்றில் ஞானகாசாரியர் என்னும் பெயரைக் கண்டதாகக் கூறி, அது நானக்கே எனத் துணிந்தவரும் உளர். ஒரு பெயரொலியின் மேல் இத்துணைப் பெரிய மாளிகையை எழுப்புதல் தகுமா என்பதைக் கற்போரே தீர்மானிக்க. கோட்டையிலும் யாழ்ப்பாணத்திலும் அக்காலத்து ஆண்ட மன்னர் பெயர்கள் நமக்குக் கிடைத்துள்ளன. சிவநாபன் என்பது அவற்றுள் இல்லை.

இனி, இக்கதையின் உள்ளீடு எங்கிருந்து வந்தது எனக் காண்போம். வடநாட்டார் கற்பனையிலே சிங்களதீபம் என்பது நிலப்படத்திற் காணும் தீவு மாத்திரமன்று. நாதயோகிகள் கதையில், மச்சேந்திரநாதர் மகளிர் ஆளும் நாடொன்றிலே மயங்கித் தம் யோகத்தை மறந்திருக்க, அவர் மாணாக்கராகிய கோரக்கநாதர் சென்று மீட்கின்றார். அந்நாட்டைச் சிங்களம் என்று ஒரு சாராரும், கதலிவனம் என்று மற்றொரு சாராரும் கூறுவர். மாலிக் முகம்மது ஜாயசி 1540 இல் இயற்றத் தொடங்கிய பத்மாவத் காவியத்திலே சித்தூர் மன்னன் யோகி வேடம் பூண்டு பத்மினியைத் தேடிச் செல்வதும் சிங்களதீபத்துக்கே. குருநானக் மறைந்த மறு ஆண்டிலே அக்காவியம் தொடங்கியது என்பதை நோக்குக. யோகி ஒருவனின் மனவுறுதியைச் சோதிக்கும் களம் சிங்களதீபம் என்னும் கருத்து அந்நாளில் வடநாடெங்கும் பரவியிருந்தது. ஆகவே தம் குரு நாதயோகிகளிலும் மேம்பட்டவர் எனக் காட்ட விரும்பிய அடியார், அவர்தம் ஆசான் தோற்ற இடத்திலேயே இவரை நிறுத்தி வெற்றிபெறச் செய்தனர் எனல் பொருந்தும். பூங்காவும் மகளிரும் கதையில் இடம்பெறுதற்குக் காரணம் இதுவே போலும்.

அங்ஙனமாயின் இலங்கையோடு இம்மரபுக்கு மெய்யான தொடர்பே இல்லையோ எனின், அவ்வாறு முடிவு கட்டிவிடவும் இயலாது. ஆதிகிரந்தத்தின் பன்னோ மரபுப் பிரதிகளின் ஈற்றிலே, சிவநாபன் நாட்டுக்குச் செல்லும் வழியைக் கூறும் சிறு உரைநடை நூலொன்று சேர்க்கப்பட்டுள்ளது. குருவின் வாக்கென அதனை எவரும் கொள்வதில்லை. ஆயினும் அதிலே சிவநாபனின் பேரனாக வரும் அரசன் பெயரைச் சீதாவாக்கை மன்னன் மாயாதுன்னையின் பெயராக அறிஞர் சிலர் கொண்டனர். மாயாதுன்னை 1521 முதல் 1581 வரை ஆண்டவன். அவ்வாசிப்புச் சரியாயின், அந்நூலை எழுதியவன், அன்றேல் அவனுக்குச் செய்தி சொன்னவன், பதினாறாம் நூற்றாண்டின் இலங்கையை ஓரளவேனும் கேட்டறிந்தவனாதல் வேண்டும். குரு வந்தார் என்பதற்கு இது சான்றாகாது. பஞ்சாபிலிருந்து வணிகனோ அடியவனோ ஒருவன் வந்து மீண்டிருக்கலாம் என்பதற்கு மாத்திரம் இடந்தரும்.

மாயாதுன்னையின் பெயர் நம்மை மீண்டும் மலையடிவாரத்திற்கே கொண்டுவருகின்றது. அவன் மகன் முதலாம் இராசசிங்கன் (1581–1593) சைவஞ் சார்ந்து, சிவனொளிபாத மலையின் உரிமையைச் சைவத் துறவிகளிடம் ஒப்புவித்தான். தந்தையைக் கொன்ற பாவத்திற்குக் கழுவாய் தேடியே அவன் சைவனானான் எனச் சூளவம்சம் கூறும். அது பௌத்த பிக்குமார் எழுதிய நூலாதலின் அவன் நோக்கம் பற்றிய அதன் கூற்றை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. உரிமை கைமாறியது என்பதில் ஐயமில்லை. ஏனெனில் பதினெட்டாம் நூற்றாண்டிலே கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் அதனைத் திரும்பப் பிக்குமாருக்கு வழங்கினான்.

வடநாட்டு யோகி ஒருவர் குருநானக் காலத்தில் இம்மலைக்கு வருதல் இயலுமா என்னும் வினாவுக்கு மிகச் சிறந்த விடை நம் யாழ்ப்பாண வரலாற்றிலேயே உண்டு. 1344 இல் மாலைதீவிலிருந்து புறப்பட்ட மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுன் பத்தூத்தா, புத்தளப் பகுதியிலே ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டார். பாரசீக மொழி அறிந்திருந்த அவ்வரசன், நீர் வேண்டுவது யாது என வினவ, ஆதாம் பாதத்தைக் காண்பதே தம் வேட்கை என அவர் கூறினார். அரசன் பல்லக்கும் ஆட்களும் கொடுத்து, ஆண்டுதோறும் அப்பாதத்திற்கு யாத்திரை செல்லும் வழக்கமுடைய யோகிகள் நால்வரையும், பிராமணர் மூவரையும், தன் பரிவாரத்தாருள் வேறு பதின்மரையும், உணவு சுமப்போர் பதினைவரையும் உடன் அனுப்பினான். இந்துக்களின் அரசன் முஸ்லிம் யாத்திரிகருக்கு யோகிகளை வழித்துணையாக்கி, பௌத்தரும் போற்றும் மலைக்கு அனுப்பியமையை எண்ணுந்தோறும் வியப்பு மிகுகின்றது. பாபா வழி, மாமா வழி என இரு வழிகள் இருந்தன. பாபா வழி கடினமானது. மற்றதன் வழியே ஏறினோர் யாத்திரை செய்தவராகக் கருதப்படார். பாறையிலே பற்றி ஏறுதற்கு இரும்புச் சங்கிலிகள் பத்து இருந்தன என அவர் எழுதுகின்றார்.

யோகிகள் நால்வர் ஆண்டுதோறும் சென்றனர் என்னும் அச்சிறு குறிப்பு பொன்னினும் மதிப்புடையது. சேதுவிலிருந்து யாழ்ப்பாண அரசின் பாதுகாப்போடு மலைக்குச் செல்லும் மார்க்கம் ஒன்று பதினான்காம் நூற்றாண்டிலேயே நிலைபெற்றிருந்தது என்பதை அது காட்டும். ஆரியச்சக்கரவர்த்திகள் தம் நாணயங்களிலே சேது என்னும் சொல்லைப் பொறித்தவர்கள். இராமேசுவரத்துக்கு வரும் வடநாட்டு அடியார் அவர்கள் கண்ணிற் படாது போகார். இராமேசுவரத்தில் இன்று குருநானக்கின் வருகையைப் போற்றும் குருத்துவாரம் உண்டு. அங்கு வந்தவர் கடலைக் கடந்தார் என்று நிறுவ ஏடுமில்லை, கல்லுமில்லை. கடத்தற்கு வழி மட்டும் இருந்தது.

சீக்கியருக்கு மலைத்தலம் புதியதன்று. இமயத்திலே கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 15,000 அடி உயரத்தில், ஏழு சிகரங்கள் சூழ்ந்த ஏரிக்கரையில் இருக்கின்றது ஹேம்குண்ட். பத்தாம் குரு கோவிந்தசிங்கர் முற்பிறப்பில் தவஞ் செய்த இடமாக விசித்திர நாடகம் என்னும் நூல் குறிக்கும் ஏழு சிகர மலை இதுவே என 1930களிற் சோகன்சிங் என்னும் துறவி துணிந்தார். புலவர் பாய் வீர்சிங் துணைபுரிய அங்கே சிறு குருத்துவாரம் எழுந்தது. அவ்வேரிக்கரையில் மலைவாழ் இந்துக்கள் வழிபடும் இலக்குமணர் கோயிலும் உண்டு. நூலிற் கண்டதை நிலத்தில் தேடும் இம்முயற்சியும், சிவநாபனை இலங்கையில் தேடிய முயற்சியும் ஒரே இயல்பின. ஒன்று யாத்திரைத் தலமாக வேரூன்றியது. மற்றது ஆராய்ச்சியாளர் வாதத்தோடு நின்றது.

தலயாத்திரை மட்டும் உள்ளத்து மாசைப் போக்காது என்பது குருநானக்கின் கொள்கை. ஆயினும் அவர் வழிவந்த மூன்றாம் குரு அமர்தாஸ் கோயிந்தவாலில் எண்பத்துநான்கு படிகளுடைய கிணற்றைத் தோண்டுவித்து அதனை அடியார் கூடும் தலமாக்கினார். அங்கு வருவோர் சாதி பேதமின்றி ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணவேண்டும் என்பதும் அவர் வலியுறுத்திய நெறி. இதனைச் சிவனொளிபாத மலையின் பழைய சாசனம் ஒன்றோடு ஒப்பிடுதல் நன்று.

அற்றனுக்கு அண்மையிலுள்ள அம்பகமுவையில் முதலாம் விசயபாகுவின் (1055–1110) கல்வெட்டு உளது. மலைக்குச் செல்லும் கடுவழியில் அடியார் படும் துன்பத்தைக் கண்டு இரங்கிய அம்மன்னன், கிலிமலைக் கிராமத்தை அவர்தம் உணவுக்காக மானியமளித்தான். கதலிகாமப் பாதையிலும் ஊவாப் பாதையிலும் வருவோருக்கும் ஏற்பாடு செய்தான் எனச் சூளவம்சம் கூறும். கதலிகாமம் என்பது கெகல்கமுவை என்பர். அஃதாயின் இன்றைய அற்றன் வழியின் முன்னோடி அதுவே. (நாதர் கதையிலுள்ள கதலிவனத்தை இக்கதலிகாமத்தோடு முடிச்சிடலாமே என ஒருவர்க்குத் தோன்றலாம். வாழை எங்கும் வளரும்.) அம்மன்னனின் அதே கல்வெட்டு, பாதபீடத்து மேடைக்குக் கீழே மற்றொரு மேடை அமைத்தமையையும் குறிக்கின்றது. தாழ்ந்த குலத்தோர் எனப்பட்டவர் அங்கே நின்று வணங்குதற்கென்றே அது கட்டப்பட்டது. உணவளித்த கருணையும் ஒதுக்கிவைத்த வழக்கமும் ஒரே கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளன.

எட்டு நூற்றாண்டுகள் கழித்து அம்மலையடிவாரம் கோப்பித் தோட்டமாயிற்று. 1869 இல் கண்ட இலைநோய் கோப்பியை அழிக்கத் தேயிலைத் தோட்டமாயிற்று. 1884 இல் இருப்புப்பாதை அற்றனை அடைந்தபின் யாத்திரிகரின் பெருவழி இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து இப்பக்கம் திரும்பியது. தமிழகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர், ஏட்டையும் சாசனத்தையும் அறியாதவராயினும், சிவனடியென்றே அம்மலையைக் கும்பிட்டனர். முன்னோர்க்கெனத் தனி மேடை வகுத்த உச்சியிலே ஏனையோரோடு ஒன்றாக ஏறி நின்றனர். 1948 இல் அவர்களுட் பெரும்பாலோரின் குடியுரிமை பறிக்கப்பட்டது, மலையேறுதல் நிற்கவில்லை. 1969 இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. கோடையில் நீர் வற்றுங் காலத்து அந்நகரின் கோயிலும் பள்ளிவாசலும் சேற்றிலிருந்து தலைகாட்டும். நல்லதண்ணிக்குச் செல்லும் அடியார் வண்டியை நிறுத்தி இறங்கி, அக்கோயிலை நோக்கிக் கைகூப்பிவிட்டுப் போகின்றனர்.