பேராக்கில் திறந்த இணையமும் செய்திக் கட்டுப்பாடும்

மலேசியாவில் நாளிதழ் நடத்த உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். இணையத்தில் செய்தி வெளியிட அத்தகைய உரிமம் தேவைப்படவில்லை. 1990களின் இறுதியில் உருவான இந்த வேறுபாடு நாட்டின் அரசியலை மாற்றிய காரணங்களுள் ஒன்றாயிற்று. பேராக் மாநிலத்தில் அதன் விளைவு இரண்டு நிகழ்வுகளில் தெளிவாகத் தெரிந்தது: 2008இல் சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதி கைமாறியது, 2009இல் மாநிலத் தலைநகர் ஈப்போவில் ஆட்சி நெருக்கடி வெடித்தது.

அச்சு உரிமம்

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் ரப்பர்த் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இதையடுத்து பிரிட்டிஷ் அரசு அவசரகாலத்தை அறிவித்தது. அதே ஆண்டு வந்த அச்சகச் சட்டம் ஆண்டு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்த அம்முறை 1984இல் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டமாக மேலும் இறுகியது. 1987 அக்டோபரில் நடந்த ‘லாலாங் நடவடிக்கை’யில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். த ஸ்டார், சின் சியூ ஜிட் போ, வத்தான் ஆகிய மூன்று ஏடுகளின் உரிமமும் முடக்கப்பட்டது.

உரிமத்தோடு உடைமையும் ஆளுங்கட்சிகளின் பக்கமே இருந்தது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன், ஆளுங்கூட்டணியைச் சேர்ந்த மலேசிய இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் ச. சாமிவேலுவின் குடும்பத்தாரிடம் இருந்தது. சுங்கை சிப்புட் போன்ற பகுதிகளின் தோட்டங்களுக்குள் வெளியார் நுழையவும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டியிருந்தது. அங்கே லயத்து வீடுகளில் வாழ்ந்த தொழிலாளர்களுக்கு வெளியுலகச் செய்தி பெரும்பாலும் நாளிதழ், வானொலி, தொழிற்சங்கம், கட்சிக் கிளை ஆகியவற்றின் வழியாகவே வந்தது.

இணையத்துக்குக் கிடைத்த விலக்கு

1996இல் பிரதமர் மகாதீரின் அரசு பல்லூடகப் பெருவழித் திட்டத்தைத் தொடங்கியது. வெளிநாட்டு முதலீட்டாளர்களை ஈர்ப்பதற்காக அது அளித்த உறுதிமொழிகளுள் ஒன்று, இணையத்தில் தணிக்கை இராது என்பது. 1998இன் தொடர்பு, பல்லூடகச் சட்டத்திலும் இது இடம்பெற்றது. வணிகத்துக்காகத் திறந்த வழியில் செய்தியாளர்களும் நுழைந்தனர். ஸ்டீவன் கானும் பிரேமேஷ் சந்திரனும் 1999 நவம்பர் 20 அன்று மலேசியாகினி இணையச் செய்தித் தளத்தைத் தொடங்கினர். 2003 ஜனவரியில் காவல்துறை அதன் கணினிகளைப் பறிமுதல் செய்தது. ஆயினும் தளம் நின்றுவிடவில்லை.

தமிழுக்கு இன்னொரு தடையும் இருந்தது. ஒருவர் ஒரு குறியாக்கத்தில் தட்டச்சு செய்தது மற்றவர் கணினியில் குழம்பித் தெரிந்தது. மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருள், 2001இல் கோலாலம்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாடு போன்ற முயற்சிகளும், யாவருக்கும் பொதுவான யூனிகோடு தரமும் இதைத் தீர்க்க உதவின. வலைப்பூக்களும் செல்லியல் போன்ற செய்தித் தளங்களும் இந்த அடித்தளத்தில் எழுந்தன.

சுங்கை சிப்புட், 2008

சுங்கை சிப்புட் தொகுதி 1959 முதல் வீ.தி. சம்பந்தனிடமும், 1974 முதல் சாமிவேலுவிடமும் இருந்தது. 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் இந்தியர் உரிமைகளுக்கான இண்ட்ராப் இயக்கம் நடத்திய பேரணிக்குக் குறுஞ்செய்தி, மின்னஞ்சல், வலைப்பூ ஆகியவற்றின் வழியாக அழைப்பு பரவியது. கண்ணீர்ப்புகைக் காட்சிகள் யூடியூபில் வெளிவந்தன. கணினி இல்லாத வீடுகளுக்கு அச்செடுத்த பக்கங்களும் குறுவட்டுகளும் போய்ச் சேர்ந்தன.

2008 மார்ச் 8 தேர்தலில் மலேசிய சோசலிசக் கட்சியின் மருத்துவர் மைக்கேல் ஜெயக்குமார், எதிர்க்கட்சியான மக்கள் நீதிக் கட்சியின் (பி.கே.ஆர்.) சின்னத்தில் நின்று, 1,821 வாக்கு வித்தியாசத்தில் சாமிவேலுவை வென்றார். அவர் ‘அலைகள்’ அமைப்பின் வழியே தோட்டத் தொழிலாளர்களிடையே பல ஆண்டுகள் பணியாற்றியவர். எனவே இவ்வெற்றியை இணையத்தின் கணக்கில் மட்டும் எழுத இயலாது. ஆயினும் இணையப் பரப்புரையை அலட்சியம் செய்தது பெருந்தவறு எனப் பிரதமர் அப்துல்லா படாவி அம்மாதமே ஒப்புக்கொண்டார்.

அச்சு ஏடுகளின் நிலை அப்போதும் மாறவில்லை. தேர்தலில் எதிர்க்கட்சிச் செய்திகளுக்கு இடமளித்த மக்கள் ஓசை நாளிதழின் உரிமத்தைப் புதுப்பிக்க உள்துறை அமைச்சு 2008 ஏப்ரலில் மறுத்தது. மேல்முறையீட்டுக்குப் பின் அதே மாதம் உரிமம் கிடைத்தது.

ஈப்போ, 2009

அதே 2008 தேர்தலில் பேராக் சட்டமன்றத்தின் 59 இடங்களில் எதிர்க்கட்சிகள் 31ஐ வென்று நிஸார் ஜமாலுடின் தலைமையில் ஆட்சி அமைத்தன. மூன்று உறுப்பினர்கள் விலகியதால் 2009 பிப்ரவரியில் ஆட்சி, கூட்டரசை ஆண்ட தேசிய முன்னணியிடம் சென்றது. சட்டமன்றக் கட்டடம் பூட்டப்பட்டிருந்ததால், மார்ச் 3 அன்று சபாநாயகர் வீ. சிவகுமார் அருகிலிருந்த மரத்தடியில் அவையைக் கூட்டினார். மே 7 அன்று அவர் அவையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டார். இந்நிகழ்வுகளை இணையத் தளங்கள் உடனுக்குடன் வெளியிட்டன. ஆயினும் முடிவு நீதிமன்றத்தில்தான் கிடைத்தது: 2010 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் தேசிய முன்னணியின் ஸம்ப்ரி அப்துல் காதிரே சட்டப்படியான மந்திரி பெசார் (மாநில முதல்வர்) எனத் தீர்ப்பளித்தது.

கட்டுப்பாட்டின் புதிய வடிவங்கள்

தணிக்கை இல்லை என்ற அதே 1998 சட்டத்தின் 233ஆம் பிரிவு, பிறரைத் தொல்லைப்படுத்தும் நோக்குடைய இணையப் பதிவுகளைக் குற்றமாக்கியது. பேராக் நெருக்கடியின்போது சுல்தானை இழிவுபடுத்தும் வகையில் எழுதியதாகச் சிலர் மீது 2009 மார்ச்சில் இப்பிரிவின்கீழ் வழக்கு வந்தது. அதற்கு முன் 2008 ஆகஸ்டில், அரசை விமர்சித்த மலேசியா டுடே தளத்தை மறைக்க இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவு பறந்தது. தளம் மாற்று முகவரியில் இயங்கியது. சில வாரங்களில் தடை நீங்கியது. 2021 பிப்ரவரியில் வாசகர் கருத்துகளுக்காக மலேசியாகினிக்கு 5,00,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. வாசகர் நன்கொடையால் சில மணி நேரத்தில் அத்தொகை சேர்ந்தது.

அச்சு உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கட்டாயம் 2012இல் நீங்கியது. தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றது. செய்தி ஓட்டம் முகநூல், வாட்ஸ்அப் போன்ற தனியார் தளங்களுக்கு இடம்பெயர்ந்தது. எது முன்னே தெரியும், எது மறையும் என்பதை அந்நிறுவனங்களின் விதிகள் தீர்மானிக்கின்றன. 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களைக் கொண்ட சமூகத் தளங்கள் மலேசியாவில் உரிமம் பெற வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

சுங்கை சிப்புட்டில் கட்சி அமைப்பின் பிடி இணையத்தின் செல்வாக்கைவிட உறுதியாக நின்றது. 2013இலும் பி.கே.ஆர். சின்னத்தில் வென்ற ஜெயக்குமார், 2018இல் சொந்தக் கட்சியின் சின்னத்தில் நின்று தோற்றார், தொகுதி பி.கே.ஆர். வேட்பாளரிடம் சென்றது.