பால்மரக் காட்டிலிருந்து பனித்தரைக்கு

விட்டம் 3 அங்குலம், கனம் 1 அங்குலம், எடை 156 முதல் 170 கிராம். பனி ஹாக்கியில் வீரர்கள் துரத்தும் கறுப்பு வில்லையின் அளவு இது. அதற்குப் பெயர் பக். ஆட்டம் தொடங்குமுன் பக்குகளைக் குளிர்பெட்டியில் போட்டு உறைய வைப்பார்கள். இல்லாவிட்டால் அது பந்துபோல் துள்ளும். தரையோடு வழுக்கிப் போகாது. துள்ளுவது அதன் பிறவிக் குணம், ஏனென்றால் அது ரப்பர். ரப்பர் என்ற சொல் வந்ததும், பனியே பெய்யாத பினாங்கும் இந்தக் கதைக்குள் வந்துவிடுகிறது.

பனி ஹாக்கியைக் கனடாவின் சொத்தாகவே உலகம் பேசுகிறது. சறுக்குக் காலணி செய்த கைவினைஞர், கால்காப்பு தைத்த சேணத் தொழிலாளி, முகமூடி அணிந்த கோல்காவலர் என்று அந்நாட்டின் ஹாக்கி வரலாறு ஒவ்வொருவர் பெயரையும் அக்கறையோடு குறித்து வைத்திருக்கிறது. அது நியாயம்தான். ஆனால் அந்த விளையாட்டுப் பையை முழுசாகக் கவிழ்த்துப் பார்த்தால், வெப்ப மண்டலத்து மரங்களின் பாலும் பஞ்சும் பிரம்பும் அதிலிருந்து விழும். அவற்றைச் சேகரித்துக் கொடுத்த கைகளில் தமிழ்க் கைகள் ஏராளம். அந்தப் பக்கத்தையும் எழுதினால்தான் வரலாறு நிறைவாகும்.

1875 மார்ச் 3 அன்று மான்ட்ரியால் நகரின் விக்டோரியா சறுக்கு அரங்கில் நடந்த ஆட்டத்தைத்தான் கூரைக்குக் கீழே முறையாக நடந்த முதல் பனி ஹாக்கி என்பார்கள். அன்று பந்து கிடையாது. அரங்கில் கூடியிருந்தவர்கள் மேல் பட்டுக் காயம் ஆகிவிடக் கூடாதென்று தட்டையான மரவில்லையை வைத்து ஆடினார்கள். ரப்பர் பந்தின் மேலும் கீழும் சீவியெறிந்து நடுத்துண்டை மட்டும் பயன்படுத்தும் வழக்கம் பிறகு பரவியது. அப்படிப் பிறந்ததுதான் இன்றைய பக்.

ரப்பரைப் பனிமேல் போட முடிந்ததே ஒரு விந்தை. பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து வெடிக்கும். கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இரண்டு குறையும் போய்விடும் என்பதைச் சார்ல்ஸ் குட்இயர் 1839-இல் கண்டுபிடித்தார். அந்தப் பக்குவம் கிடைத்திராவிட்டால் உறைபனியில் அடிவாங்கும் வில்லையும் இல்லை, மோட்டார் வண்டிக்கு டயரும் இல்லை.

அப்போதெல்லாம் ரப்பர் அமேசான் காட்டிலிருந்துதான் வந்தது. 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. ஹென்றி ரிட்லி என்ற தாவரவியலாளர் மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் வணிக முறையில் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் மலாயாவின் மேற்குக் கரை நெடுகிலும் காடு அழிந்து பால்மரம் எழுந்தது. பினாங்குத் தீவுக்கு எதிரே இருக்கும் செபராங் பிறையில் அதுவரை கரும்பு வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள், நிபோங் திபால் பக்கத்துக் கலிடோனியா போன்ற தோட்டங்களில் கரும்புக் கத்தியை வைத்துவிட்டுப் பால்மரம் சீவும் உளியை எடுத்தார்கள்.

அந்த வேலையைத் தோட்டத்துச் சொற்களில் சொன்னால்தான் சரியாக இருக்கும். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. கிராணி பேர் கூப்பிடுவார், கங்காணி நிரை காட்டுவார். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பதால் இருட்டோடு மரம் வெட்ட ஓட வேண்டும். மரம் வெட்டுவது என்றால் சாய்ப்பது அல்ல. முந்தின நாள் கோட்டுக்குக் கீழே பட்டையை நூலளவு சீவுவது. ஆழம் கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் சொட்டாது. மங்குக் கிண்ணத்தில் சேர்ந்த பாலை வாளியில் வடித்து, காண்டாத் தடியில் தூக்கி ஸ்டோருக்குக் கொண்டுபோவார்கள். அங்கே திராவகம் ஊற்றி உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகையில் காயவைப்பார்கள். மங்கின் அடியிலும் பட்டைக் கோட்டிலும் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலைக்கூட விடாமல் பிய்த்துச் சேர்ப்பார்கள். பெண்களும் சிறுவர்களும் இதில் சரிபாதி உழைத்தார்கள்.

அவர்கள் வந்த வழியும் பினாங்கு வழிதான். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் முதலில் கண்ட மலாயாக் கரை இது. நோய் இருக்கிறதா என்று பார்க்க ஜெரெஜாக் தீவில் தங்கவைக்கப்பட்ட பிறகே பலர் தோட்டம் பார்த்தார்கள். 1926-இல் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பலின் பெயர் இன்றும் பினாங்குப் பெரியவர்கள் வாயில் இருக்கிறது. கங்காணி வழி ஆள் சேர்ப்பு 1938-இல் நின்றது.

ஆள் வந்த துறைமுகத்தின் வழியாகவே சரக்கும் போனது. புகைத்த ரப்பர்த் தகடுகள் பட்டர்வொர்த்திலிருந்தும் உள்நாட்டு ரயிலடிகளிலிருந்தும் வந்து, வெல்டு கரையிலிருந்தும் 1904-இல் கட்டிமுடிந்த சுவெட்டன்ஹாம் துறையிலிருந்தும் கப்பலேறின. ஆழம் குறைந்த இடங்களில் தொங்கான் படகுகள் சரக்கைக் கப்பலுக்குக் கடத்தின. அந்தத் தொழிலில் தமிழ் முஸ்லிம்கள் நெடுங்காலம் முன்னணியில் இருந்தார்கள். 1920-களில் உலகத்து ரப்பரில் ஏறக்குறைய பாதி மலாயாவில் விளைந்தது. எந்தத் தோட்டத்துத் தகடு எந்தப் பக் ஆனது என்று யாரும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. ஆனாலும் அந்தக் காலத்துப் பனி அரங்குகளில் வழுக்கிய ரப்பரில் இந்த மண்ணின் பங்கு சின்னதாக இருந்திருக்க வழியில்லை.

இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு பயணமும் அதற்கு முன்பே நடந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளங்களில் குளிர்காலத்தில் அறுத்த பனிக்கட்டியை, ஃபிரெடரிக் டூடரின் நிறுவனம் மரத்தூளில் பொதிந்து சென்னைக்கு அனுப்பியது. அதைச் சேமிக்க 1842-இல் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. அதே மாசசூசெட்ஸின் ஆண்டோவர் ஊரில்தான் டையர் ரப்பர் கம்பெனி பிற்காலத்தில் பக் வார்த்தது. அங்கிருந்து பனி இந்தப் பக்கம் வந்தது. வெப்ப நாட்டு மரத்தின் பால் அந்தப் பக்கம் போனது.

மட்டையில் சுற்றும் டேப்பும் அதே ரப்பர்க் குடும்பம்தான். வெறும் மரமட்டை பனி ஈரத்தில் வழுக்கும். பக் அதில் ஒட்டாது, கையும் பிடிக்காது. மின்கம்பி வேலைக்காரர்கள் வைத்திருந்த கறுப்பு டேப்பை ஆட்டக்காரர்கள் எடுத்து மட்டையின் அலகில் சுற்றினார்கள். பருத்தித் துணியில் ரப்பர்ப் பிசின் ஏற்றியது அது. பருத்தியும் ரப்பரும் சேர்ந்த இந்த மலிவுப் பொருள் ஆட்டத்தையே மாற்றியது என்று சொன்னால் மிகையாகாது. துணியின் சொரசொரப்பில் பக் கணநேரம் தங்கும். அந்தக் கணத்தில்தான் குறி வைக்க முடியும். மட்டையின் தலைப்பில் குமிழ்போல் சுற்றினால் ஒரு கையால் நீட்டும்போது நழுவாது. இன்றும் பனி ஹாக்கிக்குப் புதிதாக வருபவர் முதலில் வாங்க வேண்டிய துணைப்பொருள் எது என்று கேட்டால், அனுபவசாலிகள் பலர் ஒரு சுருள் துணி டேப்பைத்தான் சொல்வார்கள். அதன்மேல் மெழுகு தேய்த்தால் ஈரம் ஏறாது.

கோல்காவலரின் காப்பு வந்த கதை இன்னும் சுவையானது. 1896 பிப்ரவரி 14 அன்று ஸ்டான்லி கோப்பைக்காக மான்ட்ரியால் அணியை எதிர்த்து ஆடிய வின்னிபெக் விக்டோரியாஸ் அணியின் கோல்காவலர் ஜார்ஜ் மெரிட், கால்களில் வெள்ளைக் கிரிக்கெட் காப்புகளைக் கட்டிக்கொண்டு பனிமேல் வந்து நின்றார். எதிரணியால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. வின்னிபெக் 2-0 என வென்றது. அதன்பின் கோல்காவலர்கள் எல்லாரும் கிரிக்கெட் காப்புக்கு மாறினார்கள். அந்தக் காலத்துக் கிரிக்கெட் காப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நிமிர்ந்து நிற்பவை பிரம்புக் குச்சிகள். நல்ல பிரம்பு தென்கிழக்காசியக் காட்டுக்கொடி. அதைச் சீமைக்கு ஏற்றிய துறைகளில் பினாங்கும் ஒன்று.

ஆனால் கிரிக்கெட் காப்பு காலைச் சுற்றி வளைந்திருக்கும். அதில் படும் பக் எந்தத் திசையில் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. ஒண்டாரியோவின் ஹாமில்டன் நகரில் குதிரைச் சேணம் தைத்துக்கொண்டிருந்த எமில் கெனெஸ்கி 1924 வாக்கில் இதைக் கவனித்தார். காப்பை அகலமாக்கி, முன்பக்கத்தைத் தட்டையாக்கினார். வெளியே தோல், உள்ளே மயிரும் கபோக்கும். கபோக் வேறொன்றும் இல்லை, இலவம் பஞ்சு. மலாய்க்காரர்கள் கெகாபு என்பார்கள். பழுக்கும் என்று கிளி காத்திருந்து ஏமாந்ததாகத் தமிழில் சொல்லும் அதே இலவு. ஜாவாவிலிருந்து மூட்டை மூட்டையாக உலகுக்குப் போன அந்தப் பஞ்சு, பினாங்கு வீடுகளில் தலையணையாகவும் மெத்தையாகவும் இருந்த அதே நாளில், கனடாவின் கோல் வாயில்களில் அடி தாங்கிக்கொண்டிருந்தது. லேசானது, அமுக்கினால் மீண்டும் எழும்பும். ஒரே குறை, தோலும் அடைப்பும் ஈரத்தைக் குடித்து ஆட்டம் முடியும்போது காப்பு பாறையாய்க் கனக்கும். செயற்கை நுரையும் செயற்கைத் தோலும் வரும்வரை கோல்காவலர்கள் அந்தப் பாரத்தைச் சுமந்தார்கள்.

காலணியில் நம் பக்கத்துப் பங்கு குறைவு. 1860-களில் நோவா ஸ்கோஷியாவின் ஸ்டார் கம்பெனி, காலணியில் நெம்புகோல் வைத்து மாட்டும் இரும்பு அலகைச் செய்தது. மனிடோபாவின் பிராண்டன் ஊரில் ஜார்ஜ் டாக்கபெரி, தன் பக்கத்து வீட்டு வீரர் ஜோ ஹாலின் காலணி சீக்கிரம் நைந்துபோவதைப் பார்த்துக் கங்காருத் தோலில் உறுதியான காலணி தைத்தார். 1927-இல் தொடங்கிய பாவர் நிறுவனம் அலகைக் காலணியோடு சேர்த்தே விற்றது.

ரப்பர் போன வழி போரால் அறுந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் பினாங்கின் ஜார்ஜ் டவுன் மேல் குண்டு போட்டன. சில வாரங்களில் மலாயா முழுதும் விழுந்தது. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் பெரும்பகுதி நின்றுபோனது. அங்கே செயற்கை ரப்பர் ஆலைகள் அவசரமாக எழுந்தன. இங்கே பால் வெட்டிய கைகளுக்கு வேலை இல்லை. தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள், பலர் திரும்பவே இல்லை. ஒரு விளையாட்டுச் சாமானின் வரலாற்றில் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. ரப்பரின் கதையைச் சொல்லும்போது இந்த ஆண்டுகளைத் தாண்டிக் குதிப்பது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பனி ஹாக்கி மலேசியாவுக்குள் நேரடியாக வந்தது மிகவும் பிந்தித்தான். 1997-இல் சன்வே பிரமிடு பேரங்காடியில் சறுக்கு அரங்கு திறந்தது. 2017-இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் முதன்முறையாகக் குளிர்கால விளையாட்டுகள் சேர்க்கப்பட்டன; பனி ஹாக்கிக்கு டமன்சாராவில் அரங்கு அமைந்தது. இந்த நாட்டு ஆட்டக்காரருக்குத் துணைப்பொருள் தேர்வில் கனடாக்காரருக்கு இல்லாத ஒரு எதிரி உண்டு: புழுக்கம். குளிர்ந்த அலகு அரங்கை விட்டு வெளியே வந்ததும் ஈரக்காற்று அதன்மேல் வியர்க்கும், ஓரிரு நாளில் துரு பிடிக்கும். அதனால் நடக்கும்போது போடும் கடின உறை ஒன்று, துடைத்தபின் பையில் வைக்கப் போடும் துணி உறை ஒன்று என இரண்டும் தேவை. கடின உறையைப் போட்டபடியே வைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அலகின் நடுவில் ஓடும் பள்ளமும் அதன் இரு விளிம்பும்தான் பனியைக் கவ்வுகின்றன. துரு முதலில் தின்பது அந்த விளிம்பை. கையுறையையும் மார்புக் காப்பையும் மூடிய பையில் விட்டால் பூஞ்சை பிடிக்கும். ரப்பர்த் தகட்டைக் காயவைக்கத் தெரிந்த ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இருப்பதை வைத்துச் சமாளித்த மெரிட்டின் கதை இந்தியாவிலும் நடந்தது. லடாக்கில் 1970-களில் ராணுவத்தினர் வழியாகப் பரவிய பனி ஹாக்கியில், லே நகரத்துக் கர்சூ குளம் உறைந்ததும் ராணுவ பூட்ஸின் அடியில் இரும்பு அலகை அடித்துக்கொண்டு ஆடினார்கள். காப்புகள் மற்ற விளையாட்டுகளிலிருந்து இரவல். அங்கிருந்து கிளம்பிய பெண்களே பெரும்பாலும் நிறைந்த இந்திய மகளிர் அணி 2016-இல் முதல் சர்வதேசப் போட்டியில் ஆடியது. கனடாவின் ஹாக்கி வீராங்கனை ஹேலி விக்கன்ஹைசர் 2018 ஜனவரியில் நன்கொடைச் சாமான்களோடு லே வந்து அவர்களுக்குப் பயிற்சி தந்தார்.

அதற்கு முந்தின ஆண்டு, 2017-இல், பேங்காக்கில் ஆசிய சவால் கோப்பை நடந்தது. பிலிப்பைன்ஸை 4-3 என வென்று முதல் வெற்றி கண்ட இந்தியப் பெண்கள், அடுத்து மலேசியப் பெண்களைச் சந்தித்தார்கள். உறைந்த குளத்தில் பழகிய அணி ஒரு பக்கம், பேரங்காடிப் பனித்தரையில் பழகிய அணி மறுபக்கம். நடுவே 3 அங்குல ரப்பர் வில்லை. 5-4 என இந்தியா வென்றது.