மெமரி கார்டில் ஏற்றிய பாட்டு

2012ஆம் வருடம் திண்டிவனத்தில் சித்தப்பாவின் செல்போன் கடையில் எனக்கு ஒரு வேலை இருந்தது. கல்லூரி விட்டு நாலு மணிக்கு வந்தால் ராத்திரி ஒன்பது வரை மெமரி கார்டில் பாட்டு ஏற்ற வேண்டும். ரீசார்ஜ் கமிஷன் கடை வாடகைக்கே பத்தாது. காசு பாட்டில்தான். 2 ஜிபி கார்டை நிரப்பித் தர 30 ரூபாய். எங்களுக்குச் செலவு என்றால் கரண்ட் மட்டும்தான், அதுவும் அந்த வருடம் பாதி நேரம் இருக்காது.

வருகிறவர்கள் பாட்டின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "குத்து ஒரு நூறு போடு, மெலடி நூறு, மிச்சத்துக்கு நீயே பாத்து ஏத்து தம்பி" என்பார்கள். ஆனால் அப்போது ஒரு பாட்டை மட்டும் தேடிக் கேட்டார்கள். "அந்த மப்புல பாட்டு இருக்கா?"

'கிளப்புல மப்புல'. ஹிப்ஹாப் தமிழா என்ற பெயரில் கோயம்புத்தூர்க்காரரான ஆதியும் ஜீவாவும் செய்தது. 2011இல் எஃப்.எம். ரேடியோவில் பாடிக் காட்டப்போய் யூடியூபில் பரவியது. மறு வருடம் திங்க் மியூசிக் 'ஹிப்ஹாப் தமிழன்' என்று முழு ஆல்பமே வெளியிட்டது. இந்தியாவின் முதல் தமிழ் ஹிப்ஹாப் ஆல்பம் என்று விளம்பரம். படம் இல்லை, ஹீரோ இல்லை, வெறும் பாட்டு. சினிமாவில் வராத பாட்டைக் காசு கொடுத்து ஒருவன் கார்டில் ஏற்றிக்கொண்டு போனதை நான் அந்தக் கடையில் அதற்கு முன் பார்த்ததில்லை. பக்திப் பாடல்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. குடிக்கிற பெண்களைப் பார்த்து உபதேசம் செய்கிற அந்தப் பாட்டை இன்று என்னால் முகம் சுளிக்காமல் கேட்க முடியாது. அன்று ஒரு வரி விடாமல் பாடினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ராப் என்ற சொல் எங்கள் பக்கம் வந்தது அதற்கும் பதினெட்டு வருடம் முன்பு. தென்னாற்காட்டிலிருந்து விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1993இல். மறு வருடம் 'காதலன்' வந்தது, 'பேட்டை ராப்' வந்தது. ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் சுரேஷ் பீட்டர்ஸ், ஷாகுல் ஹமீது, தேனி குஞ்சரம்மாள் பாடியது. விழுப்புரத்தில் என் மாமா ரெக்கார்டிங் சென்டரில் சீட்டு எழுதிக் கொடுத்து, 90 நிமிட கேசட்டில் அந்த ஒரு பாட்டை மூன்று தடவை பதிந்து வாங்கினாராம். ஆக, திருட்டுப் பதிவு எங்கள் குடும்பத்தில் என்னிடமிருந்து தொடங்கவில்லை.

நிஜமான பாய்ச்சல் கடல் தாண்டி வந்தது. 2006இல் மலேசியாவின் யோகி பி அண்ட் நட்சத்ரா 'வல்லவன்' ஆல்பத்தை வெளியிட்டார்கள். யோகி பி அதற்கு முன்பே, தொண்ணூறுகளில், பொயட்டிக் அம்மோ குழுவில் பெயர் எடுத்தவர். 1980இல் 'நிழல்கள்' படத்துக்காக இளையராஜா போட்ட 'மடை திறந்து' மேல் அவர்கள் ராப்பை ஏற்றினார்கள். அடுத்த வருடமே 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரல் கேட்டது. பத்தாம் வகுப்பில் இருந்த எங்களுக்கு அது வெளிநாட்டுச் சரக்கு. மலேசியத் தமிழனுக்கு இப்படி ஒரு தமிழ் எங்கிருந்து வந்தது என்று ஆச்சரியப்பட்டோம்.

எங்கிருந்து வந்தது? ஒரு பங்கு எங்கள் ஊரிலிருந்துதான். மலாயா ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்த மாவட்டங்களில் தென்னாற்காடும் உண்டு. 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிக்கொண்டே இருந்தார்கள். யோகி பியின் முன்னோர் யார் என்பது இங்கே பேச்சில்லை. அவருக்கு முதலில் கை தட்டிய சமூகத்தின் பெரும்பகுதி அந்தத் தோட்டங்களில் உருவானது.

தமிழ் ராப்பின் அடுத்த பெரிய பாட்டும் தோட்டத்திலிருந்தே வந்தது. அரக்கோணத்துக்காரரான அறிவு, 2018 ஜனவரியில் முதன்முதலாக மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் இருந்தவர். அயோத்திதாசரின் சாதியற்ற தமிழர் என்ற சொல்லிலிருந்து பா.ரஞ்சித் எடுத்த பெயர் அது. 2019இல் 'தெருக்குரல்' ஆல்பம். 2021 மார்ச் 7 அன்று தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்த 'எஞ்சாயி எஞ்சாமி' வெளிவந்தது. அதில் வருகிற வள்ளியம்மாள், அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பியவர்.

1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பார்த்துக்கொள்ள பத்து வருடம் ஆனது. கையெழுத்தாகி இரண்டு மாதத்தில் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. பிறகு வந்த கப்பல்கள் ராமேஸ்வரத்தில் நின்றன. அங்கிருந்து எழும்பூர் போகிற போட் மெயில் விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் தாண்டித்தான் போகும். திரும்பி வந்தவர்களைப் பற்றி என் ஆயா சொன்னது ஒன்றே ஒன்று: "கம்பளி போத்திக்கினு வருவாங்கடா, இங்க அடிக்கற வெயில்ல."

அந்தப் பாட்டு யூடியூபில் 40 கோடி பார்வைகளைத் தாண்டியது. அதே 2021இல் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. சண்டை வந்த பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை போட்டார்கள். 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே பாட்டு ஒலித்தது. யார் எழுதினார், யார் மெட்டுப் போட்டார் என்று இரு பக்கமும் அறிக்கை விட்டார்கள். அந்தப் பஞ்சாயத்துக்கு நான் ஆள் இல்லை.

என்னை உலுக்கியது 2024 மார்ச்சில் வந்த செய்தி. பாட்டு வெளிவந்து மூன்று வருடமாகியும் தனக்கோ தீக்கோ அறிவுக்கோ ஒரு பைசா வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வீடியோவில் சொன்னார். மாஜா என்ற நிறுவனம் வெளியிட்ட பாட்டு அது. நிறுவனத்துக்குத் துணை நின்ற ரஹ்மானும் ஏமாற்றப்பட்டவர்தான் என்றார்.

இதைப் படித்ததும் எனக்குக் கடை ஞாபகம்தான் வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் கார்டு ஏற்றும் தொழில் ஆறே மாதத்தில் படுத்துவிட்டது. இனி பாட்டு நேராகக் கேட்கிறவனிடம் போகும், காசு நேராகப் பாடுகிறவனிடம் போகும் என்று நான் நம்பினேன். கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் குறைந்தது. உண்மையில் தமிழ் ராப்பர்களுக்குக் காசு கொடுத்தது முன்பும் பின்பும் சினிமாதான் என்று நினைக்கிறேன். ஹிப்ஹாப் தமிழாவுக்கு 2015இல் 'ஆம்பள', 'தனி ஒருவன்'. 2017இல் ஆதியே இயக்கி நடித்த 'மீசைய முறுக்கு'. ஆல்பம் விசிட்டிங் கார்டு மாதிரி. அதை விற்றுப் பிழைக்க முடியாது, காட்டி வேலை வாங்கலாம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். கடையில் இப்போது ஆதார் பிரிண்ட், பஸ் டிக்கெட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.

"நாப்பது கோடி பேரு கேட்டும் ஒண்ணுமே வர்லியா?"

"வர்லன்னுதான் சொல்றாங்க சித்தப்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாம மட்டும் இன்னாத்த குடுத்தோம்" என்றார்.

மேசைக்கு அடியில் பழைய ஹார்ட் டிஸ்க் இன்னும் கிடந்தது. மாட்டிப் பார்த்தேன், ஓடியது. 'ராப்' என்று நான் போட்ட ஃபோல்டரில் 61 பாட்டு. ஒவ்வொன்றையும் எத்தனை பேருக்கு ஏற்றியிருப்பேன் என்று கணக்குப் போட ஆரம்பித்து, ஒரு நாளைக்கு இருபது கார்டு என்ற இடத்தில் நிறுத்திக்கொண்டேன். அதற்குள் ஒரு பையன் வந்து, செராக்ஸ் ஒரு பக்கம் எவ்வளவு என்று கேட்டான்.