டர்போ காரில் பாகம் மாட்டினால் டியூனிங் வேண்டுமா? – கொஞ்சம் வரலாறு

பதிவு நீளம்தான். சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர் ஒருவரின் மகன் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பினான். அப்பா கடன் போட்டு வாங்கிக் கொடுத்த டர்போ பெட்ரோல் கார். பெரிய ஏர் ஃபில்டர், அகலமான சைலன்சர் குழாய், பெரிய இன்டர்கூலர் மூன்றும் மாட்டப் போகிறானாம். "எல்லாம் போல்ட்டைக் கழட்டி மாட்டுறதுதான் தாத்தா. இன்ஜினைத் திறக்கவே மாட்டாங்க. அப்புறம் டியூனிங்னு எதுக்குத் தனியா காசு கேக்குறாங்க?" என்கிறான். நான் வரலாற்று வாத்தியார், மெக்கானிக் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

நம் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். தென்னேரியிலிருந்து சுங்குவார்சத்திரம் போய், ஸ்ரீபெரும்புதூர் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை. அங்குள்ள பந்தயப் பாதை 1990 வாக்கில் வந்தது. அதற்கு முன்பெல்லாம் பந்தயம் என்றால் சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. ஃபியட், அம்பாசிடர், ஹெரால்டு என்று வீட்டு வண்டிகளே சீறிக்கொண்டு ஓடும். கல்லூரி நாட்களில் போய்ப் பார்த்திருக்கிறேன். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளாமல் நிற்க முடியாது.

அந்தக் கால மெக்கானிக்குகளிடம் போய், சைலன்சரை மாற்றினால் டியூனிங் வேண்டுமா என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். காற்று தாராளமாக வந்து போக வழி செய்தால், கார்புரேட்டரின் ஜெட்டையும் மாற்றியாக வேண்டும். ஓட்டிவிட்டு வந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் பத்தவில்லை. கரி பிடித்திருந்தால் அதிகம். இளம்பழுப்பாக இருந்தால் சரி. பாகம் மாட்டுவதும் டியூன் செய்வதும் அவர்களுக்கு ஒரே வேலை. அதைத் தனியாக ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டதுகூட இல்லை.

அந்த வண்டிகளில் டர்போ கிடையாது. டர்போ என்பது சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் புய்ச்சியின் யோசனை. 1905இல் காப்புரிமை வாங்கினார். வீணாக வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். கப்பல், போர் விமானம், லாரி என்று சுற்றிவிட்டு, 1962இல்தான் அது அமெரிக்காவில் விற்பனைக் கார்களுக்கு வந்தது. அந்த ஆண்டு வந்த இரண்டு கார்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று செவர்லே கோர்வேர் ஸ்பைடர். டர்போவை மாட்டியதோடு அவர்கள் நிற்கவில்லை. இன்ஜினின் அழுத்த விகிதத்தை 9இலிருந்து 8ஆகக் குறைத்தார்கள், உள்ளே சில பாகங்களையும் பலப்படுத்தினார்கள். ஏற்கெனவே அழுத்தப்பட்ட காற்றை மறுபடியும் அதே அளவு அழுத்தினால் சூடு ஏறி, தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேர்வதற்கு முன்பே மீதிப் பெட்ரோல் தானாக வெடிக்கும். மெக்கானிக்குகள் அதைத்தான் நாக்கிங் என்கிறார்கள். பிஸ்டனையே ஓட்டை போட்டுவிடும்.

இன்னொன்று ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். அதன் அழுத்த விகிதம் 10.25. குறைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றி, பூஸ்ட் ஏறும்போது இன்ஜினுக்குள் தெளித்துக் குளிர்வித்தார்கள். 'டர்போ ராக்கெட் திரவம்' என்று பெயரும் வைத்தார்கள்! யோசனை என்னவோ நல்லதுதான். ஆனால் வாங்கியவர்கள் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். திரவம் தீர்ந்தால் ஒரு வால்வு பூஸ்டைக் குறைத்துவிடும், வண்டி மந்தமாகிவிடும். சுமார் 9,600 வண்டிகளோடு 1963இல் கதை முடிந்தது. பிறகு கம்பெனியே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டர் மாட்டித் தர முன்வந்தது.

வண்டி செய்த கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், கடையில் வாங்கி மாட்டுகிற நமக்கு?

நிலைமையை மாற்றியவர்கள் ஸ்வீடன்காரர்கள். 1970களின் கடைசியில் டர்போ கார் கொண்டுவந்த சாப் கம்பெனி, 1980களின் தொடக்கத்தில் இன்ஜினுக்கு ஒரு காது வைத்தது. நாக்கிங் சத்தத்தைக் கேட்டால் ஒரு மின்னணுப் பெட்டி உடனே பூஸ்டைக் குறைக்கும். பிளக்கின் நிறம் பார்த்த மெக்கானிக்கின் வேலையில் ஒரு பங்கை, ஓடிக்கொண்டிருக்கும்போதே இயந்திரம் செய்ய ஆரம்பித்தது. 2013இல் நம் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையிலிருந்து 1 லிட்டர் டர்போ இன்ஜினோடு ஈகோஸ்போர்ட் வந்தபோது, அந்தச் சின்ன மூன்று சிலிண்டர் 125 குதிரைத்திறன் கொடுத்ததற்குக் கணினிக்கும் பங்கு உண்டு.

தறிக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னால் விளங்கும். காரின் கணினியில் இருக்கும் கணக்குப் பட்டியல் ஜக்கார்டு அட்டை மாதிரி. எத்தனை இழைக்குக் குத்திய அட்டையோ அத்தனை இழைக்குத்தான் அது பேசும். ஓரிரு இழை அறுந்தால் நெசவாளி முடிச்சுப் போட்டுச் சமாளிப்பார். இழைக் கணக்கையே மாற்றினால் அட்டையைப் புதிதாகக் குத்த வேண்டும்.

இனி தம்பியின் மூன்று பாகங்களுக்கு வருகிறேன். பழைய பெட்டிக்குள்ளேயே வேறு ஃபில்டர் போட்டால் டியூனிங் தேவையில்லை, கணினி சமாளித்துக்கொள்ளும். ஆனால் சில வண்டிகளில் காற்றை அளக்கும் சென்சார் அந்தக் குழாயிலேயே இருக்கும். அங்கே குழாயின் அகலத்தை மாற்றினால் அது தப்பாக அளக்கும், டியூனிங் கட்டாயம். இன்டர்கூலர் காற்றைக் குளிர்விப்பதால் அதனால் கெடுதல் குறைவு, பெரும்பாலும் டியூனிங் வேண்டாம். சைலன்சர் குழாயைப் பொறுத்தவரை எங்கிருந்து மாற்றுகிறாய் என்பதுதான் விஷயம். பின்பக்கம் மட்டும் என்றால் சத்தம்தான் மாறும். டர்போவை ஒட்டிய முதல் குழாயையே மாற்றினால் டர்போ சுழலும் விதமே மாறிவிடும். அங்கே டியூனிங் இல்லாமல் கை வைக்காதே.

அவனுக்கு யாரும் சொல்லாத ஒன்றும் உண்டு. இன்றைய கணினி 'இவ்வளவு இழுவிசை போதும்' என்று ஓர் இலக்கு வைத்திருக்கிறது. நீ அதிகக் காற்றுக்கு வழி செய்தால், அது பூஸ்டைக் குறைத்து அதே இலக்கில் நிறுத்தும். ஆக, டியூனிங் இல்லாமல் மூன்றையும் மாட்டினால் பெரும்பாலும் கிடைப்பது சத்தம்தான். கடைக்காரர் டியூனிங்குக்குக் காசு கேட்பதில் நியாயம் இருக்கிறது. பாகங்களுக்கு அவ்வளவு காசு கேட்பதைத்தான் நான் யோசிப்பேன்! சென்சாருக்கும் கணினிக்கும் நடுவே செருகும் பெட்டிகளும் விற்கிறார்கள். அவை கணினியிடம் பொய் சொல்லி வேலை வாங்குகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். அந்த முதல் குழாயில்தான் பெரும்பாலும் புகையைச் சுத்தம் செய்யும் கருவி இருக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 நடைமுறையில் இருக்கிறது. அந்தக் கருவி இல்லாமல் சாலையில் ஓட்டக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில், தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க முடியாது என்று சொல்லிவிட்டது. போதாததற்கு, டியூன் செய்த இன்ஜின் பழுதானால் வாரண்டியில் செய்து தர கம்பெனி மறுக்கலாம். கடன் தவணை மட்டும் அப்பா பெயரில் மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும்.

தம்பிக்கு இதையே சுருக்கமாக அனுப்பிவிட்டேன். இரண்டு நீல டிக் வந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. உங்களில் சோழவரத்தில் பந்தயம் பார்த்தவர்கள், அங்கே வண்டி தயார் செய்தவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். பழைய புகைப்படம் இருந்தால் கட்டாயம் போடுங்கள்.