முதல் குமிழ்

வடாற்காட்டுக் கூத்தில் துரியோதனன் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வர நள்ளிரவு தாண்டிவிடும். சாயங்காலமே மைக் செட்காரர் வந்து, தன் சாதாரணக் குரலில் 'ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ' என்று சொல்லிப் பார்த்து ஒரு அளவு வைத்திருப்பார். கட்டியக்காரன் பேசும்வரை அந்த அளவு தாங்கும். துரியோதனன் வாயைத் திறந்ததும் குரல் கிழியும். செட்காரர் வால்யூமைக் குறைப்பார். சத்தம் குறையும், கிழிசல் போகாது. கூட்டமும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 'செட்டு நல்லா கத்துதுப்பா' என்பதை நம்மூரில் பாராட்டாகத்தான் சொல்கிறோம்.

குறைத்த பிறகும் ஏன் கிழிகிறது? இதற்கான பதில் மிக்ஸரில் ஒரு மைக்குக்கென்று ஒதுக்கப்பட்ட அந்த ஒற்றை வரிசையில், அதாவது உள்ளீட்டுச் சேனலில் இருக்கிறது. மேலிருந்து கீழாக அடுக்கியிருக்கும் அதன் குமிழ்கள் ஒவ்வொன்றும் எப்போதோ எங்கோ யாரோ பட்ட ஒரு சிரமத்துக்குக் கிடைத்த விடை. நமக்கு அந்த விடைகள் வரிசை மாறி வந்து சேர்ந்தன. வாய் முதலில் வந்தது, காது பிற்பாடு.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் ஊர்களில் ஒரே வாடகை செட் பல மேடைகளைப் பார்த்துவிடும். திரௌபதி அம்மன் கோயில் பாரதம், உருது முஷாயிரா, நற்செய்திக் கூட்டம், கட்சிப் பொதுக்கூட்டம். இவற்றில் கடைசி ஒன்றை மனதில் வைத்துத்தான் அந்தக் கருவி இந்தியாவுக்குள் வளர்ந்தது. 1919 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் சான் டியேகோவில் சுமார் 50,000 பேருக்கு முன் ஒலிபெருக்கியில் பேசினார். பின்னர் இங்கே காந்தி, நேரு முன்னால் இருந்த மைக்குகளில் 'சிகாகோ ரேடியோ' என்ற பெயர் தெரியும். பெயரில்தான் சிகாகோ, நடத்தியவர்கள் சிந்தி வணிகக் குடும்பமான மோட்வானேக்கள். 1940இல் அஹுஜா வந்தது.

அதற்கு முந்தைய மேடையில் தொண்டைதான் ஆம்ப்ளிஃபயர். கிட்டப்பா போன்ற நாடகப் பாடகர்கள் உச்ச ஸ்ருதியில் பாடியதற்குக் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதும் ஒரு காரணம். மைக் வந்ததும் கச்சேரி மேடையில் ஸ்ருதி மெல்ல இறங்கியது. கூத்தில் இறங்கவில்லை. கூத்துக்காரர் இன்றும் மைக் இல்லாத காலத்துத் தொண்டையோடு மைக் முன்னால் நிற்கிறார்.

அரசியல் மேடைக்கு இந்தச் சிக்கல் கிடையாது. 1954இல் முதலமைச்சரான காமராஜர் குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்றுதான் சட்டமன்றத்துக்குள் போனார். அந்தக் காலத்துப் பொதுக்கூட்டத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசுவார். ஒரு மைக், ஒரு ஆம்ப்ளிஃபயர், மரத்தில் கட்டிய இரண்டு குழாய் ஸ்பீக்கர் போதும். குழாய் ஸ்பீக்கர் குறைந்த மின்சாரத்தில் ரொம்ப தூரம் போகும். கீழ் ஸ்தாயியை அது கிட்டத்தட்ட விட்டுவிடும், ஆனால் பேச்சின் மெய்யெழுத்துகளைத் தெளிவாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பேச்சுக்கு அது போதுமான கருவி. கூத்துக்கோ முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், பின்பாட்டு, நடுவில் சலங்கையோடு சுற்றி வரும் வேஷக்காரர் எல்லாமே ஒரே சமயத்தில் வேண்டும்.

இனி அந்த ஆம்ப்ளிஃபயரின் முகப்பைப் பாருங்கள். 'மைக் 1', 'மைக் 2' என்று குமிழ்கள் இருக்கும். பார்த்தால் மைக்கைக் கட்டுப்படுத்துவது போலத் தோன்றும். இந்த வகைக் கருவிகள் பெரும்பாலானவற்றில் மைக் சிக்னல் முதலில் மாறாத அளவில் பெருக்கப்படுகிறது. அதற்குப் பிறகுதான் அந்தக் குமிழுக்கு வருகிறது. ஒரு சாதாரண டைனமிக் மைக், வாயருகே பேசினால் 2 மில்லிவோல்ட் போலத் தரும் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் மடங்கு பெருக்கினால் 2 வோல்ட். துரியோதனன் 20 டெசிபெல் கூடுதலாகப் பாடினால் சிக்னல் பத்து மடங்கு, அதாவது 20 மில்லிவோல்ட். ஆயிரத்தால் பெருக்கினால் 20 வோல்ட் வர வேண்டும். சர்க்யூட்டுக்குக் கிடைப்பதே 15 வோல்ட் என்றால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். அதற்குப் பின்னால் இருக்கும் குமிழை எவ்வளவு குறைத்தாலும் வெட்டுப்பட்ட அலைதான் சின்னதாகும். 255 வரைதான் எண்ணத் தெரிந்த நினைவுப் பெட்டியில் 400ஐப் போட்டால் 255 என்றே பதிவாவது போல. பிறகு எந்த நிரலாலும் அந்த 400ஐ மீட்க முடியாது.

மிக்ஸர் சேனலின் முதல் குமிழான கெயின் இதற்காகத்தான். 'எவ்வளவு சத்தம்' என்பது கீழே இருக்கும் ஃபேடரின் வேலை. 'உள்ளே வருவதை எவ்வளவு பெருக்கி வாங்கிக்கொள்வது' என்பது கெயினின் வேலை. இரண்டும் சத்தத்தைக் கூட்டுவதால் ஒன்றுபோலத் தெரிகின்றன, குழப்பம் அங்கேதான். சரியான முறை எளிது. பி.எஃப்.எல் பொத்தானை அழுத்தி, பாடப்போகிறவரையே அவருடைய உச்சக் குரலில் பாடச் சொல்லி, சிவப்பு விளக்கு எரியாத இடத்தில் கெயினை நிறுத்த வேண்டும். செட்காரரின் 'ஹலோ'வை வைத்து நிறுத்தினால் அது செட்காரருக்கான அளவு.

கெயினுக்குப் பக்கத்தில் 48 வோல்ட் என்று ஒரு பொத்தான். கண்டென்சர் மைக்குக்கு அதன் கம்பி வழியாகவே மின்சாரம் அனுப்புவது அது. 1966இல் நார்வே வானொலிக்காக ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் அப்படி ஒரு மைக்கைச் செய்தது. அந்த நிலையத்தில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் ஏற்கெனவே இருந்ததால் அதுவே நிலைத்துவிட்டது. எங்கோ நார்வேயின் அவசர விளக்குக்கு வைத்த வோல்டேஜ் இன்று ஆம்பூர் கல்யாண மண்டபத்து மிக்ஸரிலும் அச்சாகியிருக்கிறது.

அடுத்து லோ கட். 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வடிகட்டும். திறந்தவெளிக் காற்றின் 'புஸ் புஸ்', பலகை மேடையில் விழும் அடவின் அதிர்வு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. மனிதக் குரலுக்கு அங்கே அநேகமாக வேலை இல்லை. கூத்து மேடையில் இந்த ஒரு பொத்தானை அழுத்தினாலே பாதி இரைச்சல் போய்விடும்.

அதன் கீழே ஈக்யூ. சமப்படுத்துவது என்ற பெயர் தொலைபேசியிலிருந்து வந்தது. நீண்ட கம்பியில் தேய்ந்துபோன உச்ச ஒலிகளை மீண்டும் சமன் செய்ததால் ஈக்வலைசர். நம் டேப் ரெக்கார்டரில் இருந்த பாஸ், ட்ரெபிள் குமிழ்களின் சர்க்யூட்டை 1952இல் பீட்டர் பேக்ஸண்டால் என்ற ஆங்கிலேயர் ஒரு பத்திரிகையில் வெளியிட்டார். உலகம் முழுக்க அதையே எடுத்துக்கொண்டது. ஈக்யூவை முதலில் குறைக்கத்தான் பயன்படுத்த வேண்டும். 'கொய்ங்' என்று ஊளையிடும் அலைவரிசையைத் தேடிக் குறைத்தால் மற்றதெல்லாம் தானாகத் தெளியும்.

ஸ்டீரியோவில் ஒலியை இடவலமாக நகர்த்தும் பான் குமிழ் 1940இல் டிஸ்னியின் 'ஃபேன்டேசியா' படத்துக்குச் செய்த ஒலியமைப்பிலிருந்து வருகிறது. தெருவில் நடக்கும் கூத்தில் அதை நடுவிலேயே விட்டுவிடலாம். இடது ஸ்பீக்கர் பக்கம் உட்கார்ந்தவருக்குக் கர்ணனும் வலது பக்கம் உட்கார்ந்தவருக்கு அர்ச்சுனனும் மட்டும் கேட்டால் யுத்தம் நடக்காது.

கூத்துக்காரருக்கு உண்மையில் உதவுவது யாரும் தொடாத ஆக்ஸ் குமிழ். ஸ்பீக்கர்கள் கூட்டத்தைப் பார்த்து இருக்கும். பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்காது, பக்கத்தில் முகவீணையும் தாளமும்தான் கேட்கும். இரைச்சலில் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான் என்று எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911லேயே சொல்லிவிட்டார். ஆக, அவர் கத்துகிறார். கத்துவதால் மைக் வெட்டுகிறது. வெட்டுவதால் செட்காரர் குறைக்கிறார். குறைத்ததால் அவர் இன்னும் கத்துகிறார். விடியற்காலையில் படுகளத்துக்கு வரும்போது குரல் இருக்காது. பாரதம் பத்து நாளுக்கு மேல் நடக்கும். மறுநாள் இரவும் அதே தொண்டைதான். ஆக்ஸ் வழியாக ஒரு சிறிய ஸ்பீக்கரை மேடையைப் பார்த்துத் திருப்பி வைத்தால் இந்தச் சுழல் அறுந்துவிடும்.

கூத்துக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு மாநில அரசு நள்ளிரவு 12 வரை விலக்கு தரலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. துரியோதனன் வருவதே 12 மணிக்கு மேல்தான். காலை ஷிஃப்டுக்குப் போக வேண்டிய தொழிலாளியின் தூக்கமும் நியாயம், விடியவிடிய நடந்தால்தான் கூத்து என்பதும் நியாயம். மிக்ஸரின் ஒரு வரிசைக் குமிழ்கள் இந்த வழக்கைத் தீர்க்காது. ஆனால் தெளிவான ஒலிக்கு அவ்வளவு சத்தம் தேவைப்படாது. சொல் புரியாதபோதுதான் 'இன்னும் ஏத்துப்பா' என்கிறோம். கிழிந்த ஒலியை ஏற்றினால் கிழிசல்தான் ஏறும், பக்கத்துத் தெரு வரைக்கும் போகும்.

இந்த ஊர்களுக்கு இது புதிய பாடம் இல்லை. தோல் கழிவுநீர் பாலாற்றைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகிறவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். குரோமியத்தை அந்தந்தத் தொழிற்சாலையிலேயே பிரித்துவிட வேண்டும். எல்லாக் கழிவும் கலந்து ஒரே குழாயில் வந்தபிறகு பிரிப்பது பெரும்பாடு. மிக்ஸரும் அப்படித்தான். எட்டு மைக்கும் கலந்தபின் கடைசி ஃபேடரில் செய்வதற்கு அதிகம் ஒன்றும் இல்லை.

ஒருவர் மட்டும் பேசி ஊரே கேட்ட காலத்துக் கருவியைத்தான், பதினைந்து பேர் சேர்ந்து பாடி ஆடும் கலைக்கும் கொடுத்துவிட்டோம். இன்று எட்டு சேனல் மிக்ஸர் சின்ன ஊர் செட்டிலும் வந்துவிட்டது. இனி மாற வேண்டியது ஒரு வழக்கம்தான். சாயங்காலம் டெஸ்டிங்கின்போது செட்காரர் மிக்ஸரிடம் உட்கார, வேஷம் கட்டுவதற்கு முன் கூத்துக்காரர் வந்து மைக் முன்னால் நின்று தன் முழுக் குரலில் இரண்டு வரி பாட வேண்டும்.